நம்ம ஆளுதான், காத்திருப்பாக

போன வருடம் ஆடிக் காற்று அடிக்கிற சமயம். ராமேஸ்வரத்தில், கோயிலுக்குப் போகிற தெருவொன்றில் இருக்கும் சின்ன மொபைல் கடையில் நடந்தது இது. கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. கடைக்காரர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதைச் சொல்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்திருப்பேன்.

நான் மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறேன். கல்யாணமான புதிதில் கணவரோடும் மாமியாரோடும் இலங்கையிலிருந்து படகேறி இந்தக் கரைக்கு வந்தவள். இப்போது தலை நரைத்துவிட்டது. வீட்டில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் உள்ள ஒரு துணிக்கடைக்குப் பை தைத்துக் கொடுக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வாரம் ஒருமுறை பாலம் தாண்டிப் போக வேண்டும். அப்படிப் போன இடத்தில் பழக்கமானதுதான் அந்த மொபைல் கடை.

முகாம் என்று சொன்னதும் முகம் மாறாத முதல் கடைக்காரர் அவர். மற்ற இடங்களில், எங்கேயிருந்து வருகிறேன் என்று சொன்ன பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், திருட்டுப் போனோ என்று. இவர் "ஒக்காருங்கக்கா" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு ஸ்டூலுக்கு நான் விசுவாசமாகிப் போனேன். அதற்குப் பிறகு முகாமில் எங்கள் வீட்டு வரிசையில் யார் போன் கெட்டாலும் நானே கூட்டிக்கொண்டு போவேன். பாதி முகாமே அவர் வாடிக்கை என்றால் அது என் கைங்கரியம். நான் வாசலில் தலை காட்டினாலே, "வாங்கக்கா, நம்ம ஆளு வந்துட்டாக" என்பார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு இனிக்கும் என்று இந்த ஊரில் பிறந்தவர்களுக்குப் புரியாது.

எனக்கு அந்தக் கரையில் ஒரு அக்கா. அம்மா இல்லாத என்னை வளர்த்தவள் அவள்தான். அவள் புருஷன் வயலை விட்டு வரமாட்டேன் என்றதால் அங்கேயே நின்றுவிட்டாள். பிரிந்த பிறகு நாங்கள் நேரில் பார்த்ததே இல்லை. ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்பீர்கள். முகாம் ஆட்களுக்கு அது பஸ் ஏறிப் போவது மாதிரி இல்லை. அதனால் போன்தான் எங்களுக்குப் படகு. தினமும் சாயங்காலம் வீடியோவில் கூப்பிடுவேன். கடைசி வருடங்களில் சர்க்கரை அக்காவின் கண்ணை வாங்கிவிட்டது, பிறகு சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டது. என் முகம் ஒரு நிழல் மாதிரித்தான் தெரிகிறது என்பாள். எழுதி அனுப்பினால் வாசிக்க முடியாது. என் குரல் ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். என்ன கறி வைத்தேன், மழை பெய்ததா, யார் வீட்டில் சண்டை என்று ஒன்றுமில்லாததை எல்லாம் பேசுவோம். அவளுக்கு அது போதும்.

அந்த ஆடியில், பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது போன் கைநழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து டிஸ்ப்ளே நொறுங்கியது. கடைக்குக் கொண்டு போனேன். அன்றைக்கே மாற்றிக் கொடுத்துவிட்டார். சந்தோஷமாக வந்து சாயங்காலம் கூப்பிட்டேன். அக்கா முகம் பளிச்சென்று தெரிந்தது. அவள் பேசுவதும் கேட்டது. ஆனால் நான் பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை.

"பிள்ளை, கதையன். ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கத்துகிறேன், தொண்டை வலிக்கக் கத்துகிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, அக்காவுக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவள் மகள்தான் திரையைப் பார்த்து, "சித்தி வாயசைக்கிறா அம்மா, சத்தம்தான் வரேல்லை" என்று சொன்னாள்.

மறுவாரம் கடைக்குப் போனேன். அவர் கழற்றினார், எதையோ அழுத்தினார், தன் போனிலிருந்து கூப்பிட்டு "ஹலோ ஹலோ" என்றார். கேட்டது. "பாத்தீகளா, நல்லாத்தான் இருக்கு" என்று கொடுத்தார். பஸ் பாலம் தாண்டுவதற்குள் மறுபடி ஊமையாகிவிட்டது. அடுத்த தடவை போனபோது, "அந்தப் பக்கம் நெட்வொர்க் சரியில்லக்கா" என்றார். அதற்கடுத்த தடவை, "ஒங்க போனு சமயத்துல இலங்கை டவரப் புடிச்சிருது, அதான்" என்றார். எனக்கே சிரிப்பு வந்தது. முகாமிலிருந்து நாங்கள் போக முடியாத ஊருக்கு என் போன் மட்டும் போய் வருகிறதாக்கும்.

ஒவ்வொரு முறையும் அவர் முழுசாகப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. ராமேஸ்வரத்துக்கு வடக்கேயிருந்து வருகிறவர்கள் கடலில் முங்குவார்கள். பிறகு கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். இடுப்பில் போன் இருப்பது முதல் வாளி விழுந்த பிறகுதான் ஞாபகம் வரும். புண்ணியம் அவர்களுக்கு, நனைந்த போன் எங்கள் கடைக்காரருக்கு. ஈரத் துணியோடு ஓடி வந்து நிற்பார்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று பதறுவார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். அவர்கள் வேலைதான் முதலில் நடக்கும். என்னைப் பார்த்து, "அக்கா, நாளைக்கு வாங்களேன்" என்பார். நானும் தலையாட்டிவிட்டு வருவேன்.

ராமநாதபுரத்தில் வேறு கடையில் காட்டியிருக்கலாம். மனசு வரவில்லை. தெரிந்தால் அவர் என்ன நினைப்பார் என்ற முகதாட்சண்யம். இன்னொன்றும் உண்டு. இத்தனை பேரை நானே கூட்டிப்போய்விட்ட கடையை நானே எப்படிக் குறை சொல்வது? என் வீட்டில் வேறு போன் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் கேட்டால், உன் போனுக்கு என்ன என்பார்கள். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாதம், அக்கா பேச, நான் தலையாட்ட, அவள் மகள் "சித்தி ஓமெண்டு தலையாட்டுறா", "சித்தி சிரிக்கிறா" என்று எடுத்துச் சொல்ல, அப்படியே ஓடியது. நான் எழுதி அனுப்பினால் அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டும். "அவள் தன்ர வாயாலை சொல்லுற மாதிரி வருமோ?" என்று அக்கா அலுத்துக்கொள்வாள்.

ஒருநாள் சாயங்காலம் அக்கா மிகவும் சோர்ந்திருந்தாள். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "நாளைக்குப் பின்னேரம் ஒப்பரேசனாம் பிள்ளை. அதுக்கு முதல் உன்ர குரலை ஒருக்காக் கேக்கோணும் போலக் கிடக்கு" என்றாள். நான் தலையாட்டினேன். "சித்தி ஓமெண்டுறா அம்மா" என்றாள் மகள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய், கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். வழக்கமாக அவரிடம் இந்த ஊர்ப் பேச்சுத்தான் பேசுவேன். அன்றைக்கு அவசரத்தில் என் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது. "தம்பி, என்ர அக்காவுக்குப் பின்னேரம் ஒப்பரேசன். அதுக்குள்ள அவவோட ஒருக்காக் கதைக்கோணும். எப்படியாவது செய்து தாங்கோ."

"அதுக்கென்னக்கா, கால் மணி நேர வேல. இங்கன ஒக்காருங்க" என்று போனைக் கழற்றினார்.

கழற்றி முடித்திருப்பார், ஒரு குடும்பம் சொட்டச் சொட்ட வந்து நின்றது. எல்லார் கையிலும் நனைந்த போன். அதில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். மத்தியான ரயிலாம். அவர் என் போனை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் போன்களை வாங்கினார். எனக்குப் பின்னால் சார்ஜர் வாங்க வந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் பொறுக்க முடியாமல், "ஏப்பா, அந்தம்மா மொதல்லயே வந்துட்டாகளே" என்று கேட்டார்.

"அக்கா நம்ம ஆளுதாண்ணே. காத்திருப்பாக" என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை. ஒரு சின்னப் பெருமை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு போன் முடிந்து அடுத்த போன் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் டீ வந்தது, எனக்கும் ஒன்று கொடுத்தார். வெயில் ஏறிக் கடைக்குள் வந்துவிட்டது. எழுந்து வேறு எங்கும் போகவும் வழியில்லை. அக்கா மகளின் நம்பர் போனுக்குள், போன் அவர் மேசையில் வயிறு திறந்து கிடக்கிறது. இரண்டு தடவை "தம்பி" என்றேன். இரண்டு தடவையும் நிமிராமலே "இந்தா முடிஞ்சிருச்சுக்கா" என்றார். மூன்றாவது தடவை கேட்க நாக்கு எழவில்லை. தொந்தரவு செய்கிறவள் என்று பெயர் வாங்கிவிடக் கூடாதே என்ற பயம், முகாமில் வாழ்ந்து வாழ்ந்து எங்களுக்கு ரத்தத்தில் ஊறிய பயம்.

அந்தக் குடும்பம் போன பிறகு என் போனை எடுத்தார். குத்திப் பார்த்தார், சூடு வைத்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். "உள்ள ஐசி போயிருச்சு போலக்கா. மதுரைக்குத்தான் அனுப்பணும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில், நாலு பேர் முன்னால், ஓவென்று அழுதுவிட்டேன்.

அவர் பதறிப் போனார். போனை அவசரமாக மூடினார். பிறகு கையை என் தலைக்கு மேலே நீட்டி, சுவரில் தொங்கிக்கொண்டிருந்த ஹெட்செட்களில் ஒன்றைப் பிய்த்து எடுத்தார். "அழுகாதீகக்கா. இப்போதைக்கு இத மாட்டிப் பேசுங்க. இதுல தனியா மைக் இருக்குல்ல. காசெல்லாம் வேணாங்க்கா, நீங்க நம்ம ஆளு" என்றார்.

நான் அந்த ஹெட்செட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. ஒரு மாதமாக நான் உட்கார்ந்த ஸ்டூலுக்கு நேர் மேலே அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அந்த விவரம் தெரியாது. அவருக்குத் தெரியும். ஆனால் என் பிரச்சினையை ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால்தானே அது அவர் வாயில் வந்திருக்கும்?

கடை வாசலில் நின்று மாட்டிக்கொண்டு கூப்பிட்டேன். அக்கா மகள் எடுத்தாள்.

"பிள்ளை, நான் கதைக்கிறது கேக்குதோ?"

"சித்தி! ஐயோ, உங்கட குரல் வடிவாக் கேக்குது சித்தி!" என்றாள். அப்புறம் விம்முகிற சத்தம் மட்டும் வந்தது. "அம்மாவை இப்பத்தான் உள்ளுக்குக் கொண்டு போனவை. வாசல் வரைக்கும் கேட்டுக்கொண்டே போனவ, சித்தி கதைச்சவளோ, சித்தி கதைச்சவளோ எண்டு."

அக்கா அதற்குப் பிறகு கண் விழிக்கவில்லை.

அந்தக் கரையில் ஒரு சாவு என்றால் முகாமில் நாங்கள் போனை நடுவில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழுவோம். அக்காவுக்கும் அப்படித்தான் அழுதேன். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை எல்லாம் சொல்லிச் சொல்லி அழுதேன். அங்கே பந்தலில் இருந்த எல்லாருக்கும் என் குரல் தெளிவாகக் கேட்டதாம். யாருக்குக் கேட்க வேண்டுமோ அவளைத் தவிர.

கொஞ்ச நாள் கழித்துப் பை கொடுக்கப் போகும்போது கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "என்னக்கா, ஆளையே காணோம்? மைக் எப்படி இருக்கு?" என்று கேட்டார். அக்கா செத்துப்போனதைச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது. பாவம், பொய்யாக இல்லை. பிறகு, "நீங்க அன்னைக்கு ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாக்கா? போட்டிருந்தா எல்லாத்தயும் தூக்கிப் போட்டுட்டு ஒங்களதப் பாத்திருப்பேனே" என்றார்.

அது உண்மைதான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. சண்டையும் போடவில்லை. இனி யாருக்காகப் போடுவது?

இத்தனை வருடமும் இந்த மண்ணில் யாராவது என்னை நம்ம ஆள் என்று சொல்ல மாட்டார்களா என்று ஏங்கியவள் நான். இன்றைக்கு யாராவது அப்படிச் சொன்னால் மனசு குளிர்வதில்லை, எங்கோ ஒரு ஆஸ்பத்திரி வாசலில் என் குரலுக்காகக் காத்திருந்துவிட்டு உள்ளே போன ஒருத்தியின் நினைப்புத்தான் வருகிறது.