நாலரைக்கு முன்னால் பார்த்த வண்டி

பிளசன்டன், லிவர்மோர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் யார் பழைய கார் வாங்கினாலும் வெள்ளியங்கிரியிடம் காட்டாமல் வாங்க மாட்டார்கள். ஆபீசில் நூறு பேரை மேய்க்கிற ஆள்கூட, செகண்ட் ஹேண்ட் கொரோல்லா என்று வந்துவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு இவர் பின்னால் நிற்பார். "அண்ணன் ஓகே சொல்லிட்டாரா?" என்பதுதான் வீட்டிலிருந்து வரும் முதல் கேள்வி.

அவர் இன்ஜினியர் இல்லை. கோபிச்செட்டிபாளையத்துக்காரர். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் தகரம் தட்டியவர். மனைவி கண்மணிக்கு நர்ஸ் வேலை கிடைத்ததால் அமெரிக்கா வந்தார். வந்த புதிதில் பொட்லக் விருந்துகளில் ஆண்களெல்லாம் விசா, ஸ்டாக் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் நகக்கண்ணில் கிரீஸோடு ஓரமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். பிறகு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளுக்கு விலை போடும் வேலை கிடைத்தது. அதில் கையும் கண்ணும் பழகி, பழங்கால வண்டிகளுக்கு மதிப்புச் சான்று எழுதித் தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினார். இப்போது அறுபத்து நாலு வயது. கண்மணி போய்ப் பதினைந்து வருஷமாகிறது.

அவருடைய முக்கியமான கருவி, பழனியில் வாங்கிய ஃப்ரிட்ஜ் காந்தம். மயிலோடு முருகன் நிற்பார். அதை ஒரு துணியில் சுற்றி வண்டியின் உடம்பு முழுக்க நகர்த்துவார். ஒட்டினால் நிஜத் தகரம். வழுக்கினால் உள்ளே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். "முருகன் பொய் சொல்ல மாட்டாருங்க" என்பார். வெள்ளியங்கிரியும் பொய் சொல்லமாட்டார் என்று ஊரே நம்பியது. அவரும் அப்படித்தான் நம்பினார், ஒரே ஒரு வண்டி விஷயத்தைத் தவிர.

அந்த வண்டியைப் பார்க்கத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஜெயபிரகாஷ் கூப்பிட்டிருந்தார். ஜேபி என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். திருப்பூர்க்காரர், வெள்ளியங்கிரியைவிட நாலு வயது இளையவர். ரிடையர் ஆகிவிட்டார். டெக்சாஸில் மகள் விஷாகா பக்கத்திலேயே போய் இருக்கலாம் என்று வீட்டை விற்றாயிற்று. இரண்டு வாரத்தில் கராஜ் காலியாக வேண்டும். கராஜில் இருந்தது 1970-ம் வருஷத்து ஷெவல் கார், எட்டு சிலிண்டர், கறுப்புப் பட்டை போட்ட சிவப்பு. வாங்கி இரண்டு வருஷம் கொண்டாடினார். அப்புறம் தார்ப்பாயைப் போட்டு மூடியவர் திறக்கவே இல்லை. பொங்கலுக்குப் பொங்கல் எல்லாரும் அவரைக் கிண்டலடிப்பார்கள். அதிகம் அடித்தவர் வெள்ளியங்கிரிதான். "இவ்வளவு நல்ல வண்டிய இப்படிக் கெடையில போட்டு வெச்சிருக்கீங்களே, பாவமுங்க ஜேபி" என்று போன தையில்கூடப் பத்துப் பேர் நடுவில் சொன்னார். ஜேபி சிரித்துக்கொண்டே இன்னொரு வடை எடுத்துக்கொண்டார்.

தார்ப்பாயை இழுத்தபோது தூசி கிளம்பி, வீட்டுச் சாமான் கட்ட வந்திருந்த விஷாகா தும்மினாள். "அங்கிள், இஸ் இட் ஈவன் வொர்த் எனிதிங்?" என்று கேட்டாள். நாலு டயரும் தரையோடு தரையாக இருந்தன. பின் சீட்டுப் பஞ்சில் எலி குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. பெட்ரோல் டாங்க் கெட்டுப்போன வார்னிஷ் வாடை அடித்தது.

"பாக்கத்தான் இப்படிங்க கண்ணு. அழுக்கு வேற, அழிவு வேற" என்று வெள்ளியங்கிரி காந்தத்தை எடுத்தார். கதவு ஒட்டியது. பின்பக்கச் சக்கர வளைவு ஒட்டியது. பின் கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கை அகலத் துரு, டிக்கியின் அடியில் ஒரு ஓட்டை. இங்கே மழை குறைவு என்பதால் மற்றதெல்லாம் தப்பித்திருந்தது. பழைய கலிபோர்னியா நீல நம்பர் பிளேட்டும் அப்படியே இருந்தது. இந்த நிலைமையிலேயே நாற்பதாயிரம் டாலர் தேறும் என்று மனசு கணக்குப் போட்டது, என்ஜின் அசலாக இருந்தால்.

சமையலறைக் கதவிலிருந்து ஜேபியின் மனைவி தாமரைச்செல்வி எட்டிப் பார்த்தாள். "சான் ஹோசேல ஒருத்தர் ரெடியா இருக்காருங்ணா. நீங்க எழுதிக் குடுத்தா கண்ண மூடிட்டு வாங்கிக்கறாராம். நீங்க பாத்து வாங்கினதாச்சே, தப்பாவா போகும்?" என்றாள். விஷாகாவைப் பாத்திரம் கட்ட உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

வெள்ளியங்கிரி பானெட்டைப் பார்த்தார். அந்தக் காலத்து வண்டிகளுக்கு டேஷ்போர்டில் ஒரு எண் இருக்கும். அதன் கடைசி ஆறு இலக்கம் என்ஜினின் முன்னால், ஆல்டர்னேட்டருக்குப் பின்னால், ஒரு சின்னச் சமதளத்தில் குத்தப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் என்ஜின் அந்த வண்டியோடு பிறந்தது. இல்லையென்றால் விலை பாதிக்குப் பாதி விழும். பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் கிரீன் கார்டில் இன்னொரு பெயரும் இருப்பது மாதிரி. எந்த வண்டியானாலும் அவர் முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான். இந்த வண்டியில் மட்டும் பார்க்கவில்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. லிவர்மோர் கோயிலிலிருந்து வெள்ளியங்கிரியும் ஜேபியும் பட்டுக்கரை வேட்டியோடு நேரே வண்டி விற்கிறவர் வீட்டுக்குப் போயிருந்தார்கள். சமதளத்தை ஒரு விரல் கனத்துக்குக் கிரீஸ் மூடியிருந்தது. கழுவிப் பார்க்க இருபது நிமிஷமாவது வேண்டும். மணி நாலு இருபது. அந்நேரம் பார்த்துத் தாமரைச்செல்வியின் போன். "நாலரைக்கு ராகு காலம். ஆசைப்பட்டு வாங்கற வண்டிங்க. அதுக்குள்ள அட்வான்ஸ் குடுத்துருங்க." வெள்ளியங்கிரி வேட்டியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜேபியின் முகத்தைப் பார்த்தார். மிட்டாய்க் கடைக்கு வந்த பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தார் மனிதர். "அசல்தானுங்க, குடுங்க" என்று சொல்லிவிட்டார். நாளைக்குக் கழுவிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் வண்டிக்குப் பூஜை. மாலை, எலுமிச்சம்பழம், சர்க்கரைப்பொங்கல், ஊரே கூடியிருந்தது. அந்த நேரத்தில் பானெட்டைத் திறக்கிறவன் மனுஷனா? அப்புறம் திறக்கப் பயமாகவே ஆகிவிட்டது.

இன்று பானெட்டைத் திறந்து டார்ச்சை அடித்தார். சுற்றிலும் கிரீஸ் கல்லாக இறுகியிருந்தது. அந்தச் சின்ன இடத்தில் மட்டும் கிரீஸ் இல்லை. கறுப்பு டேப் ஒன்று, ஓரங்கள் காய்ந்து சுருண்டு, ஒட்டியிருந்தது. உரித்தார். அடியில் துரு ஏறாமல் இரும்பு பளிச்சென்று இருந்தது. ஆறு இலக்கத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். டேஷ்போர்டுக்கு வந்து படித்தார். திரும்பப் போய் இன்னொரு முறை படித்தார்.

ஒரு இலக்கம்கூட ஒத்துப்போகவில்லை.

முழங்கால் வலிக்கிற சாக்கில் பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தார். அந்த டேப்பைத் திரும்ப ஒட்டிவிட்டு, 'அசல்' என்று எழுதினால் சான் ஹோசேக்காரர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். ஜேபிக்கு முழு விலை கிடைக்கும். வெள்ளியங்கிரியின் பெயரும் அப்படியே இருக்கும். அந்தப் பெயரைத் தவிர அவர் இந்த நாட்டில் வேறு எதையும் பெரிதாகச் சேர்த்துவைக்கவில்லை. சே, இந்த வயதில் இப்படியொரு யோசனையா என்று தன் மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது.

"ஜேபி, இங்க வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்."

ஜேபி வந்து எதிரே நின்றார்.

"இது வேற வண்டி என்ஜினுங்க. விலையில பாதி போச்சு. அன்னிக்கு நான் நம்பர் பாக்கலை. வேட்டி அழுக்காயிரும், ராகு காலம் வந்துரும்னு பாக்காமயே அசல்னு சொல்லிப்போட்டேன். பத்தொம்பது வருஷமா இதச் சொல்ல எனக்குத் தைரியம் வரலீங்க. வெளிய நீங்களே சொல்லிக்கலாம், இந்த வெள்ளியங்கிரி ஏமாத்திட்டான்னு. நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

ஜேபி குனிந்து, கீழே கிடந்த டேப் துண்டை எடுத்து விரலில் உருட்டினார்.

"தெரியுமுங்ணா. இத ஒட்டுனதே நான்தான்."

வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தார்.

"வாங்கி ரெண்டு வருஷம் கழிச்சு, ரெஸ்டோர் பண்ணலாம்னு நானே கிளீன் பண்ண ஆரம்பிச்சேன். நம்பர் தெரிஞ்சுது. உடனே உங்களுக்குப் போன் பண்ணத்தான் எடுத்தேன். அப்ப கண்மணி அக்காவுக்குக் கீமோ போயிட்டிருந்துது. நீங்க கம்பெனி வேலைய விட்டுட்டு, அக்கா கூட இருக்கோணும்னு சொந்தமா ஆரம்பிச்சு மூணு மாசம். நம்ம ஆளுக நாலு பேர் கூப்பிட்டாத்தான் உங்க வீட்ல மாசம் ஓடும். ஷாப்ல விட்டா அவன் முதல்ல நம்பரப் பாப்பான், யார் பாத்து வாங்குனதுன்னு கேப்பான். இந்த ஊர்ல ஒருத்தருக்குத் தெரிஞ்சா அடுத்த சண்டே கோயில் கேன்டீன்ல எல்லாருக்கும் தெரிஞ்சிரும். அதான் மூடி வெச்சிட்டேன்."

"அதுக்காக வண்டியவே வீணா விட்டீங்களா?"

"வண்டிதானுங்ணா."

போன பொங்கலுக்குப் பத்துப் பேர் நடுவில் தான் சொன்னது வெள்ளியங்கிரிக்கு ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின பொங்கலும். அதற்கும் முந்தினதும். இந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வடை எடுத்திருக்கிறார். வெள்ளியங்கிரி துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துணிக்குள்ளிருந்து முருகன் நழுவிக் கான்கிரீட்டில் விழுந்தார். ஜேபி எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தார்.

"அப்ப இன்னிக்கு எதுக்குங்க என்னையக் கூப்பிட்டீங்க?"

"வேற யார் வந்தாலும் உங்க பேர் அடிபடும். நீங்க வந்தா உள்ளத உள்ளபடி எழுதுவீங்க, அது நம்ம ரெண்டு பேரோட போயிரும். செல்விக்கு மட்டும் காரணம் தெரிய வேண்டாமுங்ணா. அவ போன் பண்ணி அவசரப்படுத்துனதாலதான்னு நினைச்சு ஒடைஞ்சு போயிருவா."

வெள்ளியங்கிரி படிவத்தை மடியில் வைத்து எழுதினார். என்ஜின்: அசல் அல்ல. மதிப்பு: இருபத்தோராயிரம். கீழே 'முந்தைய பரிசோதனை' என்ற இடத்தை எப்போதும் கோடு போட்டுத் தாண்டிவிடுவார். இன்று அதில் பத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தத் தேதியையும், தன் பெயரையும், 'எண் சரிபார்க்கப்படவில்லை' என்பதையும் எழுதினார். ஜேபி தடுக்கக் கை நீட்டினார். வெள்ளியங்கிரி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்தார்.

உள்ளேயிருந்து தாமரைச்செல்வியின் குரல் வந்தது. "நாலரைக்கு ராகு காலமுங்ணா! அதுக்குள்ள கையெழுத்துப் போட்டுருங்க!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜேபிக்கு முதலில் சிரிப்பு வந்தது. வெள்ளியங்கிரிக்குச் சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"வரட்டும்மா, அது பாட்டுக்கு வரட்டும்" என்று உரக்கச் சொன்னார். "எனக்கு இன்னும் அடியில பாக்க வேண்டியிருக்குது."

காலி அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்தார். புதுச் சட்டையோடு அதில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்தார். ஜேபி பக்கத்தில் குத்தவைத்து, அவர் பார்த்து முடிக்கும் வரை டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.