கதவு மூடாத அறிக்கைகள்

என் அண்ணன் லிப்ட் மெக்கானிக். மற்றவர்கள் சுகமாக மேலே போவதற்காக இருபத்திரண்டு வருடம் இருட்டுக் குழிக்குள் இரும்பு ஏணியில் தொங்கியவர். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அண்ணி மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் அதே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். "உங்க அண்ணன் பேச்சுக்கு எந்த இடத்துல 'உம்' கொட்டறதுன்னே எனக்குத் தெரியல" என்று என்னிடம் புலம்புவாள்.

போன வருடம் அண்ணனின் முழங்கால் மக்கர் பண்ணியது. இனி ஏணி ஏறக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஏறாமல் சம்பளம் வாங்க ஒரே வழி, கம்பெனியில் காலியாக இருந்த சூப்பர்வைசர் வேலை. அதற்குப் பழுது அறிக்கை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். மூன்று முறைதான் அனுப்பலாம்.

முதல் அறிக்கை ஒரு முழுப் பக்கம், ஒரே வாக்கியம். அதில் ஒரு துண்டைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'மூன்றாம் மாடி அம்மாள் ஓயாமல் கத்தினார் கதவு ஒட்டிக்கொண்டது எண்ணெய் போட்டேன் சத்தம் அடங்கியது.' அதைத் திருப்பி அனுப்பிய மேனேஜர் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: 'எண்ணெய் கதவுக்கா, அந்த அம்மாளுக்கா?'

நான் அதே கம்பெனியில் கடிதப் பிரிவில் இருக்கிறேன். ஊரார் ஆங்கிலத்தையெல்லாம் திருத்துகிற எனக்கு இது மானப் பிரச்சினை. "எங்க மூச்சு வாங்குதோ அங்க புள்ளி வைங்கண்ணே" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. தூசிக்குப் பயந்து குழிக்குள் மூச்சடக்கியே பழகிய மனிதர் அவர். இரண்டாம் அறிக்கையை ஒரே மூச்சில் வாசித்து முடித்து, கடைசியில் பெருமையாக ஒரே ஒரு புள்ளி வைத்தார். என் திருப்திக்காக நடுவில் அங்கங்கே கமாவும் தூவியிருந்தார். போன வேகத்தில் அது திரும்பி வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஏண்ணே, கதவு மூடாம உங்க லிப்ட் நகருமா?"

"அதெப்படி நகரும், கதவு மூடினாத்தான் மோட்டாருக்குக் கரண்டே போகும், இல்லன்னா ஆளு விழுந்துடுவான், இப்படித்தான் ஒரு தடவை..."

"நிறுத்துங்க! எழுதறதும் அப்படித்தான். ஒரு விஷயம் முடிஞ்சா கதவை மூடிட்டு அடுத்த மாடிக்குப் போங்க."

"கமா போட்டேனே?"

"அது பாதி சாத்தின கதவு. அதை வெச்சு லிப்டை ஓட்டுவீங்களா?"

அண்ணன் முகத்தை அப்போது பார்க்க வேண்டுமே! "இதை மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நடுவுல 'ஏன்னா', 'அதனால'ன்னு போட்டுச் சேர்த்தா?"

"அப்போ ரெண்டு மாடிக்கும் நடுவுல படி இருக்குன்னு அர்த்தம். தாராளமா நடந்து போகலாம்."

மூன்றாம் அறிக்கையை எழுதும்போது ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் "டொக்" என்று வாயாலேயே கதவை மூடினார். மொத்தம் பதினான்கு டொக். அடுத்த அறையிலிருந்து அண்ணி மிரண்டு போய் எட்டிப் பார்த்தாள்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அண்ணிதான் உறையைப் பிரித்தாள். கடிதம் 'வருந்துகிறோம்' என்று ஆரம்பித்திருந்தது. அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. "போச்சு, இந்தக் காலை வெச்சுக்கிட்டு மறுபடியும் ஏணியா?" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். தாமதம், வேலைப்பளு, இன்னொருத்தரின் அறிக்கை, டாக்டர் சான்றிதழ் என்று எல்லாம் ஒரே வாக்கியத்துக்குள் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. எழுதியவர் அதே சிவப்பு மை மேனேஜர்! வந்த ஆத்திரத்தில் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அண்ணன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே புள்ளி வைத்தார்.

"பதில் தாமதமானதுக்கு வருந்தறோம். டொக். இங்க வேலை அதிகம். டொக். இன்னொருத்தர் அனுப்பின அறிக்கையும் நல்லா இருந்துச்சு." அண்ணி விசும்பினாள். "டொக்."

அடுத்த வாக்கியத்தில் பேனா நின்றுவிட்டது.

"வேலை கிடைச்சிடுச்சு" என்றார்.

அவ்வளவுதான். கண் கலங்க, முழங்காலைத் தடவிக்கொண்டு, வாய் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அண்ணி அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க, மேல சொல்லுங்களேன்!"