நான் பெயர் வைத்த மரபணுக்கள்

பதினெட்டு வருஷம் ஆவடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்திவிட்டு, நாற்பத்தொரு வயதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஆய்வகத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்ப்போம், சரிப்பட்டால் நிரந்தரம் என்றார்கள். பள்ளி வேலையை விட்டுவிட்டு வந்தவள் நான். சரிப்பட்டே ஆகவேண்டும்.

பாலைத் தயிராக உறைய வைக்கும் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ.வை இயந்திரம் லட்சக்கணக்கான துண்டுகளாகப் படித்துக் கொடுக்கும். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரே கட்டுரையை எழுதிய முப்பது பிள்ளைகளின் தாள்களைக் கிழித்துக் கலந்துபோட்டது போல இருக்கும். ஓரங்களில் ஒரே எழுத்துகள் வருவதைப் பார்த்து மென்பொருள் அவற்றை ஒட்டித் தரும். அது எனக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கட்டளையைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போகிற சுகம் எந்த டீச்சருக்குக் கிடைக்கும்?

அடுத்து, எது எந்த மரபணு, அதன் வேலை என்ன என்று குறிக்க வேண்டும். இங்கேதான் என் வாத்தியார் புத்தி வேலையைக் காட்டியது. ஏகப்பட்ட மரபணுக்களுக்கு மென்பொருள் ‘வேலை தெரியவில்லை’ என்று போட்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. தெரியாவிட்டாலும் எதையாவது எழுது, காலியாக விடாதே என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவள் நான். ஏற்கெனவே தெரிந்த ஏதோ ஒரு மரபணுவின் சாயல் கொஞ்சம் தெரிந்தால் போதும், அதன் பெயரை வைத்தேன். ஒரு வாரம் இந்தப் பெயர் சூட்டு விழா அமோகமாக நடந்தது.

எங்கள் பொறுப்பாளர் மாங்காட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது சின்னவர். அறிக்கையைப் படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நின்றார். ஆன்டிபயாடிக் மருந்துக்கு அடங்காத தன்மையைத் தரும் மரபணு என்று ஒன்றைக் குறித்திருந்தேன். அந்தத் தன்மை வயிற்றில் இருக்கும் நோய்க்கிருமிகளுக்கும் தொற்றிக்கொள்ளலாம். அது உண்மையானால், சாம்பிள் அனுப்பிய தயிர் கம்பெனி அந்த உறைமோரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

“இது எப்டிக்கா தெரியும்?”

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வகுப்பில் எத்தனை முறை செய்திருக்கிறேன். ஊகம்தான் என்றேன். இதுபோல் இன்னும் எத்தனை என்று கேட்டார். நிறைய என்றேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

ஆனால் அவர் திருத்தித் தரச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரம் தேடினேன், கிடைக்காததை அழித்தேன். மூன்று மாதம் முடிகிற அன்று புது அறிக்கையைக் கொடுத்தேன். அவர் நேராக அந்த மரபணுவுக்குத்தான் போனார்.

“இது இன்னா வேலை செய்யுதுக்கா?”

“தெரியாது.”

வகுப்பறையில் ஒரு தடவைகூட என் வாயில் வராத சொல். சொல்லும்போது வெட்கமாகத்தான் இருந்தது.

“உங்க கையெழுத்தப் போட்டு அனுப்பிடுங்க,” என்றார். “நாளிக்கு அடுத்த சாம்பிள் வருது. நீங்கதான் பாக்கணும்.”