அத்தியா தோண்டிய குழி

ஐன் ஸிர்கான் ஊரில் தண்ணீர்க்காரர் அத்தியாவை யாருக்கும் பிடிக்காது. ஆனால் அந்த வேலைக்கு வேறு ஆளை வைக்கலாமா என்று கேட்டால் ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில், ஒற்றை ஆழ்கிணற்றை நம்பி நூற்றுப் பத்து வயல்கள் இருக்கிற ஊர் அது. மதகைத் திறப்பதும் மூடுவதும் அத்தியாவின் பொறுப்பு. கையில் கடிகாரம், இடுப்பில் சாவி. உங்கள் முறை ஐந்து மணிக்கு முடிகிறது என்றால் ஐந்து மணிக்கு முடிந்தது. நீங்கள் வயலில் இல்லையென்றால் முறை அடுத்தவருக்குப் போகும். செத்துப்போயிருந்தால் மட்டும் மறுநாள் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கும்.

இதனால்தான் அவருடைய மனைவி பஹிய்யாவின் அண்ணன் ஃபிக்ரி ஒன்பது வருஷமாக அவரிடம் பேசுவதில்லை. ஃபிக்ரியின் மகள் கல்யாணத்தன்று அவருடைய தண்ணீர் முறை வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பரிமாறிக்கொண்டிருந்த மனிதர் வயலுக்கு எப்படிப் போவார்? அத்தியா அதே பந்தியில்தான் உட்கார்ந்திருந்தார். தட்டில் பாதி சோறு இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்து போனார், தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பினார், திரும்பி வந்து மீதிச் சோற்றைச் சாப்பிட்டார். அந்த வருஷம் ஃபிக்ரியின் தீவனப்புல் காய்ந்து போயிற்று. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சந்துதான். அதற்குப் பிறகு அந்தச் சந்தில் இரண்டு பேரும் எதிரெதிராக வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், மற்றவர் வானத்தைப் பார்ப்பார்.

அந்த ஊரில் மணல்மேடுகள் நடக்கும். வருஷத்துக்கு ஏழெட்டு முழம், மேற்கிலிருந்து. ஒரு மேடு அத்தியாவின் கொல்லைக்கு வந்து சேர்ந்து, அந்த வசந்தகாலத்தில் கழிப்பறையைக் கூரையோடு மூடிவிட்டது. அத்தியா அதற்காக வருத்தப்படவில்லை. மேடு தாண்டிப் போனதும் பேரன் காலத்தில் பழைய கழிப்பறை நல்லபடியாக வெளியே வரும் என்று கணக்குப் போட்டார். அதுவரைக்கும் புதிது வேண்டும். முற்றத்தின் கிழக்கு மூலையில் குழி தோண்ட ஆரம்பித்தார். பதினோரு நாள் வேலை. நாலு ஆள் ஆழம் இல்லாவிட்டாலும் இரண்டரை ஆள் ஆழம் இருக்கும். நூல் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, நாலு பக்கமும் செங்குத்தாக வெட்டினார்.

பன்னிரண்டாம் நாள் காலையில் டாக்டர் நெர்மீன் வந்து கதவைத் தட்டினாள். அவள் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. தலைநகரத்தில் பல்கலைக்கழகத்தில் மண் படிக்கிறவள். இந்தப் பாலைவனச் சோலையில் பழைய காலத்தில் எங்கே தண்ணீர் இருந்தது, எங்கே வயல் இருந்தது, மனிதர்கள் வந்து என்ன செய்தார்கள் என்று தேடிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வீடு வீடாகப் போய், "உங்க வீட்டுல யாராவது குழி தோண்டறீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். குழிக்கும் வரி போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து எல்லோரும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அத்தியாவுக்குப் பொய் சொல்ல வராது.

ஏணியில் இறங்கியவள் மூன்று மணி நேரம் மேலே வரவில்லை. பஹிய்யா வாளியில் தேநீர் வைத்துக் கயிற்றில் இறக்கினாள்.

"அத்தியா மாமா, எவ்வளவு நேரான சுவர் தெரியுமா இது?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"நான் எது செஞ்சாலும் நேராத்தான் செய்வேன்."

"மேல மணல். அதுக்குக் கீழ வயல், அதுக்குக் கீழ வாய்க்கால். அடியில கறுப்பா இருக்கே, அது ஏரிச் சேறு. எட்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நீங்க நிக்கற எடத்துல ஏரி."

அத்தியா நின்ற இடத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றார். "அப்ப நாங்க குடிவந்தது ரொம்ப லேட்டுன்னு சொல்றீங்க."

"ஆமா மாமா."

"யாரும் சொல்லலையே."

குழியை அப்படியே விட்டுவைக்கச் சொல்லி அவள் இரண்டு வாரம் அவகாசம் கேட்டாள். அத்தியா சம்மதித்தார். பஹிய்யா மட்டும், "ரெண்டு வாரத்துக்கு நாங்க எங்க போறது?" என்றாள். எட்டாயிரம் வருஷத்தை யோசித்தவள் அந்த இரண்டு வாரத்தை யோசித்திருக்கவில்லை.

பிறகு ஒரு நாள், நடுப்பகலில், குழியின் மேல் கறுப்புத் தார்ப்பாயை மூன்று மடிப்பாக விரித்துக் கட்டினார்கள். நெர்மீன் ஒரு சின்னச் சிவப்பு விளக்கோடு உள்ளே போய்ச் சுவரில் இரும்புக் குழாய்களை அடித்து இறக்கினாள். ஊரே முற்றத்தில் கூடிவிட்டது. தங்கம் எடுக்கிறார்கள் என்பது பாதிப் பேரின் முடிவு.

"மணல் கடைசியா எப்ப வெயிலைப் பார்த்துதுன்னு கண்டுபிடிக்கறாங்களாம்," என்று அத்தியா விளக்கினார். "அது மண்ணுக்கு ஞாபகம் இருக்குமாம். இப்ப வெயில் பட்டா மறந்துடுமாம்."

"என் மாமனாரும் அப்படித்தான்," என்றார் கூட்டத்தில் ஒருவர். "வெயில்ல போனா பேரே மறந்துடும்."

இரண்டு வாரம் முடிகிற அன்று, நகரத்திலிருந்து தொல்பொருள் இலாகா அதிகாரி ஒருவர் இரும்புப் பலகையோடும் ஒரு படிவத்தோடும் வந்தார். குழியின் விஷயம் மேலே போய்விட்டதாம். அவர் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்.

"நினைவுச் சின்னத்தோட பேரு?"

"கக்கூஸ்," என்றார் அத்தியா.

"அப்படி எழுத முடியாது."

"அப்ப குழின்னு எழுதுங்க."

"கட்டப்பட்ட காலம்?"

"போன மாசம்."

அதிகாரி பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சிறிது நேரம் பனைமரத்தைப் பார்த்தார். பிறகு 'தெளிவில்லை' என்று எழுதினார். பாதுகாவலர் என்ற இடத்தில் அத்தியாவின் பெயரை எழுதிக் கையெழுத்து வாங்கினார். பலகையைக் குழியின் ஓரத்தில் நட்டார். 'இக்குழியைப் பயன்படுத்தவோ நிரப்பவோ கூடாது' என்று அதில் இருந்தது.

பஹிய்யா அதை இரண்டு முறை படித்தாள். "நிரப்பறதுக்குத்தானே தோண்டினது?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை.

பஹிய்யாவுக்குக் கஷ்டமில்லை, சந்துக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள். அத்தியா போகவில்லை. ஊரின் மறுகோடியில் இருக்கிற பள்ளிவாசலுக்கு நடந்தார். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் அதன் கழிப்பறை பூட்டியிருக்கும் என்பதால், ஐந்து வேளையும் முதல் ஆளாக நின்றார். முதுமையில் பக்தி வந்துவிட்டது என்று இமாம் எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

ஐந்தாவது வாரம், முதல் நாள் அவித்த மொச்சைக் கூழைச் சாப்பிட்டதில் அத்தியாவின் வயிறு புரண்டது. மணி காலை ஒன்பது. அடுத்த தொழுகைக்கு மூன்று மணி நேரம் இருந்தது. அவர் சந்து வாசலில் நின்று பார்த்தார். பிறகு அங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஃபிக்ரியின் முற்றத்துக்குள் ஓடினார். ஃபிக்ரி கழுதைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அத்தியா பக்கம் திரும்பவில்லை. கழுதையிடம் சொன்னார்:

"முறை தவறினா அடுத்தவனுக்குப் போயிடும்னு இந்த ஊர்ல யாரோ சொல்லிட்டிருந்தாங்கடா."

அன்று மாலை பஹிய்யா வழியாகச் செய்தி வந்தது. "அண்ணன் சொல்லச் சொன்னார். தினமும் காலைல ஆறரையிலேர்ந்து ஆறே முக்கால் வரைக்கும் உங்க முறையாம். கடிகாரம்தான் உங்ககிட்டயே இருக்கேன்னார்."

அத்தியா அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. ஒழுங்கான ஏற்பாடாகத்தான் அவருக்குத் தோன்றியது. ஒரு நாளும் ஆறே முக்காலைத் தாண்டவில்லை.

அறுவடை முடிந்த சமயம் நெர்மீன் திரும்பி வந்தாள். வாய்க்கால் அடுக்கைத் தூரிகையால் சுத்தம் செய்தபோது ஒன்று தெரிந்தது என்றாள். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய வாய்க்கால் அது. அதன் கரையில் ஒரே இடத்தில் யாரோ துளை போட்டிருக்கிறார்கள். களிமண்ணால் அடைத்திருக்கிறார்கள். மறுபடி துளை, மறுபடி அடைப்பு. எண்ணிப் பார்த்ததில் பதினேழு தடவை.

விஷயம் சந்துக்கு அந்தப் பக்கம் போக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. ஃபிக்ரி தன் வாசலில் நின்று தெருவுக்குப் பொதுவாகச் சொன்னார். "பார்த்தீங்களா? தண்ணீர்க்காரன் வாய்க்கால்லயே ஓட்டை போட்டு வேண்டியவனுக்கு விட்டிருக்கான். இது இன்னிக்கு நேத்து வியாதி இல்ல."

ஒன்பது வருஷம் தன்னைப் பற்றி எது சொன்னபோதும் வாய் திறக்காத அத்தியா, முன்பின் தெரியாத அந்தத் தண்ணீர்க்காரனுக்காகத் திறந்தார்.

"வாயை அளந்து பேசு ஃபிக்ரி. செத்துப்போன மனுஷன் மேல பழி போடாத. ஓட்டை போட்டது விவசாயி. அடைச்சவன்தான் தண்ணீர்க்காரன்."

"நீ பார்த்தியா?"

"நீ பார்த்தியா?"

"இறங்கிப் பார்க்கலாம் வா."

பாதுகாக்கப்பட்ட குழிக்குள் இரண்டு பேரும் இறங்கினார்கள். ஏணி ஒன்று, அகலம் ஒன்றரை ஆள். முட்டி இடிக்க, தோள் இடிக்க, மூச்சு ஒருவர் மேல் ஒருவர் பட நின்று சுவரைப் பார்த்தார்கள். நெர்மீன் மேலே விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு நோட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

அத்தியா ஓர் அடைப்புக்கு எதிரே குந்தினார். களிமண்ணில் நாலு விரல் பதிந்திருந்தது. அதைத் தொடாமல், தன் விரல்களை அதற்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "தடம் வாய்க்காலோட உள்பக்கம் இருக்கு பாரு. தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு அடைச்சிருக்கான். வாய்க்காலுக்குள்ள இறங்க யாருக்கு அதிகாரம்? தண்ணீர்க்காரனுக்கு மட்டும்தான்."

ஃபிக்ரி வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சேத்துல உமி கலந்திருக்கு. இதுலயும் இருக்கு. எல்லாத்துலயும்." விரலால் ஒவ்வோர் அடைப்பாகக் காட்டினார். "அறுப்பு முடிஞ்ச மாசம் மச்சான் இது. வயல் காஞ்சு கிடக்கற நேரம். அப்ப எந்தக் கிறுக்கன் வயலுக்குத் தண்ணி திருடுவான்?"

மச்சான் என்று சொன்னதை இரண்டு பேருமே கவனித்தார்கள்.

"வயலுக்கு இல்லன்னா?" என்று மேலேயிருந்து நெர்மீன் கேட்டாள்.

"செங்கல் அறுக்க," என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னார்கள்.

அறுப்பு முடிந்தால் வைக்கோல் இருக்கும், ஆளுக்கு வேலை இருக்காது. களிமண்ணும் வைக்கோலும் இருந்தால் குறைவது தண்ணீர்தான். இன்றைக்கும் அந்த ஊரில் அந்த மாசத்தில்தான் செங்கல் அறுக்கிறார்கள். நெர்மீன் வேகமாக எழுதினாள்.

"வீடு கட்டியிருக்கான்," என்றார் ஃபிக்ரி. "பதினேழு தடவை தண்ணி எடுத்திருக்கான்னா பெரிய வீடு. பொண்ணு கல்யாணமா இருக்கும்."

அத்தியாவின் மூக்குக்கு நேரே ஃபிக்ரியின் தோள் இருந்தது. திரும்பிப் போகவும் இடமில்லை.

"கல்யாணம்னு முன்னாடியே சொல்லியிருந்தா..." என்று அத்தியா ஆரம்பித்தார்.

"சொல்லியிருந்தா குடுத்திருப்பானா?"

அத்தியா அந்தத் தண்ணீர்க்காரனின் இடத்தில் தன்னை வைத்து நேர்மையாக யோசித்தார். "மாட்டான்," என்றார்.

ஃபிக்ரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழி சின்னதாக இருந்ததால் அவர் குலுங்கியதில் அத்தியாவும் குலுங்கினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு பேரும் சிரிப்பது போலத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அத்தியாவின் முறை ஏழு மணி வரைக்கும் நீட்டிக்கப்பட்டது.

பஹிய்யாவுக்கு இதெல்லாம் போதவில்லை. "உங்க ரெண்டு பேருக்கும் ராசியாச்சு, சரி. என் வீட்டுல கக்கூஸ் எங்கே?" என்றாள். பலகையில் 'இக்குழி' என்றுதான் எழுதியிருக்கிறதே தவிர மற்ற குழிகளைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை அவள்தான் கண்டுபிடித்தாள். முற்றத்தின் தென்மூலையில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், அத்தியாவும் ஃபிக்ரியும் தோண்ட ஆரம்பித்தார்கள். மண்வெட்டியில் பானை ஓடு ஏதாவது பட்டால் ஃபிக்ரி கண்ணை மூடிக்கொள்வார்.

மூன்றாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் நெர்மீன் வந்தாள். பஹிய்யா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். கோழிக்கூண்டுக்குப் பின்னாலிருந்து தொப்பு தொப்பென்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

"மாவு பிசையறாங்க," என்றாள் பஹிய்யா.

"நான் எதுவும் கேட்கலையே அத்தை," என்றாள் நெர்மீன். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "கேட்டா போய்ப் பார்க்கணும். பார்த்தா மூணு மணி நேரம் ஆகும். அப்புறம் அந்த அதிகாரி வருவார்." மூன்று கோப்பைத் தேநீரையும் சுவரைப் பார்த்தபடியே குடித்தாள். விடைபெறும்போது பின்பக்கமாகவே நடந்து வாசலுக்குப் போனாள். அப்போதுகூட, "மேல் அடுக்கு வெறும் மணலா, இல்ல சாம்பல் கலந்து இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் இருக்க முடியவில்லை.

"சாம்பல் கலந்து இருக்கு," என்று கூண்டுக்குப் பின்னாலிருந்து அத்தியாவின் குரல் வந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். அந்த வாரமே கழிப்பறை கட்டி முடிந்தது.

அடுத்த குளிர்காலத்தில் நகரத்தில் ஒரு கூட்டம் போட்டு, மண் படித்தவர்கள் பலர் வந்து பேசினார்கள். நெர்மீன் அத்தியாவையும் ஃபிக்ரியையும் மேடைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அத்தியா துவைத்த அங்கி போட்டிருந்தார். கண்ணாடி போட்ட பேராசிரியர் ஒருவர் எழுந்து, பதினேழு தடவை ஒரே இடத்தில் உடைக்க விட்டிருக்கிறார்கள் என்றால் அந்தக் கால நீர் நிர்வாகம் பலவீனமாக இருந்தது என்றுதானே பொருள் என்று கேட்டார்.

ஒலிவாங்கியை அத்தியாவின் முன்னால் நகர்த்தினார்கள். அவர் அதிலிருந்து சற்று விலகி உட்கார்ந்தார்.

"நீங்க உடைச்சதை எண்ணறீங்க," என்றார். "நான் அடைச்சதை எண்ணறேன். அந்த வெயில்ல பதினேழு தடவை தண்ணியில இறங்கியிருக்கான். யார் உடைக்கறான்னு அவனுக்குத் தெரியும், சின்ன ஊருதானே. ஒருவேளை சொந்தக்காரனாக்கூட இருக்கலாம். நானா இருந்தா ஒன்பதாவது தடவையே சாவியைத் தூக்கி எறிஞ்சிருப்பேன்."

பக்கத்து நாற்காலியிலிருந்த ஃபிக்ரி ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார். "எறிய மாட்டார்," என்றார். "எழுதிக்குங்க."

பேராசிரியர் எழுதிக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் தேநீரும் பேரீச்சம்பழம் வைத்த ரொட்டியும் கொடுத்தார்கள். ரொட்டி கொஞ்சம் காய்ந்து இருந்தது என்று ஃபிக்ரி பேருந்தில் ஊர் வந்து சேரும் வரை சொல்லிக்கொண்டே வந்தார்.