குனிந்த தலைக்கு முடிவெட்டுகிறேன்

முடிவெட்டுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் அசையாத ஒரு தலை. சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துச் சந்தில் கத்திரி பிடிக்கிற எனக்கு, பிள்ளைகள் வந்தாலே பயம். பிள்ளைக்கு நகம் வெட்டவும் மருந்து கொடுக்கவும் மல்லுக்கட்டுகிற உங்களுக்கு என் பாடு புரியும்.

அசையாத பிள்ளை

சுவா சூ காங்கிலிருந்து ஓர் அம்மா இரண்டரை வயது மகனைக் கூட்டிவருவார். முன்பெல்லாம் அவனை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அன்றைக்குக் கையில் கைப்பேசியைக் கொடுத்ததும் சிலை மாதிரி உட்கார்ந்தான். ஆகா என்று வேகமாக வெட்டினேன்.

பாதித் தலையில் கைப்பேசி அணைந்துபோனது. ஒரு வீறிடல். அப்புறம் சத்தமே இல்லை. உடம்பு விறைத்து, மூச்சு நின்று, உதடு நீலம் பாய்ந்தது. கத்திரியைக் கீழே போட்டுவிட்டு, "தண்ணி! தண்ணி!" என்று கத்தினேன். அந்த அம்மா நிதானமாக அவன் முகத்தில் ஊதினார். மூச்சு திரும்பியது. பையிலிருந்து பவர் பேங்கை எடுத்தபடி சொன்னார்: "பயப்படாதீங்கண்ணே, சார்ஜ் போனா இவன் இப்படித்தான்."

காது

பிடோக் பையன், ஏழு வயது இருக்கும். துப்பாக்கிச் சண்டை கேம். எதிரி சுட்டானோ என்னவோ, சட்டென்று துள்ளினான். கத்திரி நுனி காது மடலில் பட்டுவிட்டது. ரத்தம் கழுத்தில் வழிந்து வெள்ளைத் துணியில் சொட்டியது.

படிகாரத்தைத் தடவினேன். பெரிய ஆட்களே பல்லைக் கடிப்பார்கள். அவன் முகம் சுளிக்கவில்லை. கட்டைவிரல்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. வலிக்கிறதா தம்பி என்று குனிந்து பார்த்தேன். "அங்கிள், தலையை எடுங்க லா, ஸ்கிரீன் மறைக்குது!"

சிநேகிதர்

குவீன்ஸ்டவுன்காரர் ஒருவருக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தேன். அவருடைய ஒன்பது வயது மகள் பெஞ்சில் உட்கார்ந்து கேம் ஆடினாள். கைப்பேசியிலிருந்து ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில் கேட்டது, மிருதுவாக: எந்த புளோக்? வீட்டில் நீ எப்போது தனியாக இருப்பாய்? அவள் தங்கள் அடுக்குமாடியின் புளோக் எண்ணைச் சொல்லிவிட்டாள்.

என் கை நின்றுவிட்டது. "சார், பாப்பா யார்கூடப் பேசுது?" என்றேன். கண்மூடியிருந்தவர் காதைக் கொடுத்தார். அடுத்த நொடி, சாயம் நெற்றியில் ஒழுக, போர்த்திய துணியோடு பாய்ந்து கைப்பேசியைப் பிடுங்கினார். "ஹூ இஸ் திஸ்?" குரல் போய்விட்டது.

"யாரும்மா அது? பார்த்திருக்கியா?"

"இல்லப்பா. ஆனா அவருக்கு என்னைத் தெரியும். போட்டோ அனுப்பியிருக்கேன்."

அங்கேயே நின்று போலீசைக் கூப்பிட்டார். போலீஸ் என்ற சொல்லைக் கேட்டதும்தான் அந்தப் பிள்ளை அழுதது: "அவரைப் பிடிக்கச் சொல்லாதீங்கப்பா, எனக்கு இருக்கிறதே அவர் ஒருத்தர்தான் ஃபிரெண்டு."

என் வீட்டில்

அன்று மதியமே மன்னார்குடிக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன். நாலு வயது மகனைப் பார்த்தால் மனசு அடங்கும் என்று நினைத்தேன். திரையில் அவன் நெற்றி மட்டும் தெரிந்தது. "அப்பா, நீ கூப்பிட்டா கேம் நின்னுடுது. இனிமே கூப்பிடாத."

எந்தப் பிள்ளைக்கும் கைப்பேசியைக் கண்டு பயமே இல்லை. அவர்கள் பங்குக்கும் சேர்த்து, கையில் கத்திரியோடு நானே பயந்துகொண்டிருக்கிறேன்.