புத்தகத்தில் புதைந்த கருக்குவிளை

கருக்குவிளைக்கு மருமகளாக வந்த வருஷம், ஊரின் மேல்புறத்தில் நின்ற செம்மணல் தேரியைப் பார்த்துச் சாலோமி திகைத்துப் போனாள். தாமிரபரணிக் கரையில் வயலையும் வாழையையும் பார்த்து வளர்ந்தவள் அவள். ஆடிக் காற்று எழும்பியதும் அந்த மணல்மலையின் உச்சி புகைந்தது. சோற்றில், பாயில், பிள்ளைகளின் சிலேட்டில் எல்லாம் செந்தூள் படிந்தது.

கணவன் ஜெபசீலன் ஊர் வேதக்கோயிலின் உபதேசியார். பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் இங்கிலீஷ் வரை படித்தவள் என்பதால், பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை சாலோமிக்குக் கிடைத்தது. தேரியின் கதையைச் சொன்னவள் மாமியார் தங்கத்தாய்.

"உம் புருசன் தவழ்ந்துகிட்டு இருக்கையில ஒரு வெள்ளைக்கார துரை வந்தாரு. மணல்ல கம்பு நட்டு நட்டு அளந்தாரு. மறுவருசமும் வந்து பாத்துட்டு, 'மணல் நடந்து வருது, உங்க ஊரையே மூடிரும்'னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ஊரே அழுதுச்சு. பொறவு இன்னொரு துரை வந்தாரு. 'அதெல்லாம் வராது, அவரு கணக்கே தப்பு'ன்னாரு. யாரை நம்ப?"

"நீங்க யாரை நம்புனிய, அத்தே?"

"நம்புறதுக்கு என்னட்டி இருக்கு? வந்துட்டா வீடு போயிரும். பனங்கொட்டையைப் பெட்டியில அள்ளிட்டுப் போயி நட்டோம்."

ஒவ்வொரு ஐப்பசி மழைக்கும் ஊர்ப் பெண்கள் தேரியடியில் பனங்கொட்டை புதைத்தார்கள். உடை என்னும் முள்மரத்தின் விதை தூவினார்கள். காற்றுக்கு எதிரே பனைமட்டையால் வேலி கட்டினார்கள். முளைத்ததில் பாதியை மணல் தின்றது. அடுத்த மழைக்கு மறுபடியும் போனார்கள். சாலோமியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதின்மூன்றில், காற்றுக் காலத்தில், பள்ளிக்கூட வாசலில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. தலைப்பாகையைக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டு இறங்கியவர் பாக்கியசீலன். பாளையங்கோட்டைக்காரர், சென்னையில் ஒரு கல்லூரியில் பூமி சாஸ்திரம் கற்பிப்பவர்.

"டீச்சரம்மா, கருக்குவிளைன்னு ஒரு ஊர் மணல்ல புதைஞ்சு கிடக்காமே. அது எந்தப் பக்கம்?"

"கருக்குவிளை இதுதான்யா."

"புதுசாக் கட்டின ஊரா?"

"இல்லய்யா, பழைய ஊருதான். நீங்க நிக்கியது எங்க பள்ளிக்கூடம்."

அவர் சுற்றிலும் பார்த்தார். கூரைகள், கோயில் மணிக்கூண்டு, கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் பெண்கள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, தம் பெட்டியைத் திறந்து மூன்று புத்தகங்களை எடுத்தார்.

முதலாவது அந்தப் பழைய துரை எழுதியது. 'தடுப்பார் இல்லாமல் மணல் இதே வேகத்தில் நகருமானால், ஒரு தலைமுறைக்குள் கருக்குவிளையை மூடிவிடக்கூடும்' என்று அதில் இருந்தது. இரண்டாவதை எழுதியவர் இந்தப் பக்கமே வராதவர். துரையின் பெயரைச் சொல்லி, 'கருக்குவிளையை மூடிவிடும் எனக் கண்டறியப்பட்டுள்ளது' என்று எழுதியிருந்தார். மூன்றாவது ஜெர்மனியில் அச்சானது. பாக்கியசீலன் அந்த வரியைத் தமிழில் சொன்னார்: 'மணலில் புதைந்துபோன ஊர்களுக்குக் கருக்குவிளை ஓர் உதாரணம்.' அதற்கும் சாட்சியாக அடிக்குறிப்பில் அதே துரையின் பெயர்தான்.

சாலோமியின் வீடு, அடுப்பு, தொட்டிலில் கிடக்கும் பிள்ளை எல்லாமே கடலுக்கு அப்பால் எத்தனையோ பேர் படிக்கும் புத்தகத்தில் மணலுக்கடியில் கிடந்தன.

"ஒருத்தரும் வந்து பாக்கலையாய்யா?"

"ஒருத்தர் எழுதினதை வச்சு அடுத்தவர் எழுதுறார், அம்மா. 'கூடும்'ங்கிற சொல் வழியில எங்கேயோ விழுந்துபோச்சு. நானும் புதைஞ்ச ஊர்னுதான் இத்தனை வருஷமாப் பாடம் நடத்துறேன்."

சாயங்காலம் காற்று சற்று அடங்கியதும் சாலோமியும் தங்கத்தாயும் அவரைத் தேரிமேல் கூட்டிப் போனார்கள். உச்சியில் பனைகளின் தலைகள் மட்டும் மணலுக்கு வெளியே பச்சையாக விரிந்திருந்தன. பாக்கியசீலன் நின்ற வாக்கிலேயே கைநீட்டி ஒரு குருத்தோலையைத் தொட்டார்.

"இதுல எம் மாமனார் ஏறி இறங்குவாரு. உச்சிக்குப் போனாக் கடல் தெரியும்பாரு" என்றாள் தங்கத்தாய். "இந்தப் பனை மூட்டுலதான் எங்க மொத வீடு கிடக்கு."

அவர் சட்டென்று காலை விலக்கிக்கொண்டார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கிழக்கே கடல் மின்னியது. கீழே ஊரை ஒட்டி வடலி என்னும் இளம்பனைகளும் உடைமரங்களும் நெருக்கமாக நின்றன. அவ்வளவு பெரிய மணல்மலை அவற்றின் காலடிவரை வந்து குவிந்து அங்கேயே நின்றிருந்தது. இத்தனை வருஷம் அங்கே குனிந்து நட்ட சாலோமி, மேலேயிருந்து அதை முழுதாகப் பார்த்தது அன்றுதான்.

"துரை சொன்னது பொய்யில்லை. மணல் வந்திருக்கு" என்றார் பாக்கியசீலன் மெதுவாக. "அவர் சொன்னதை நீங்க காதுல வாங்குனீங்க. அதனாலதான் பலிக்கல."

"அவரைப் பாத்தாச் சொல்லும்யா, கருக்குவிளைல அடுப்பு எரியுதுன்னு" என்றாள் தங்கத்தாய்.

"அவர் காலமாகி ரொம்ப நாளாச்சு, ஆத்தா."

தங்கத்தாய் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்துப் பாக்கியசீலனின் கட்டுரை அச்சாகி வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாலோமி அதைப் பெண்களுக்குத் தமிழில் சொன்னாள். துரையின் வாக்கியம் ஒரு சொல் குறையாமல் அதில் இருந்தது. அதன் கீழே, 'தடுத்தவர்கள் அவ்வூர்ப் பெண்கள். இப்போதைக்கு மணல் நின்றிருக்கிறது' என்று இருந்தது.

"நம்மளையா எழுதியிருக்கு?" என்று ஒருத்தி கேட்டு, அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினேழில் பாக்கியசீலனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவருடைய கட்டுரையை இன்னொருவர் தம் புத்தகத்தில் எடுத்தாண்டிருக்கிறாராம்: 'கருக்குவிளையில் தேரி நிரந்தரமாகத் தடுத்து நிறுத்தப்பட்டுவிட்டது.'

"நெரந்தரமாவா? அப்படி யாருட்டி சொன்னா?" தங்கத்தாய் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு மேற்கே தேரியைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "எழுதுனவர ஒரு ஆடிக்கு இங்கன வந்து நிக்கச் சொல்லு."

சாலோமி அதை அப்படியே இங்கிலீஷில் பாக்கியசீலனுக்கு எழுதித் தபாலில் சேர்த்தாள். பதில் வரவில்லை. அந்த ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது; தேரியின் தென்புறத்தில் பெண்கள் புதிதாக நட்டதில் பெரும்பகுதி முளைத்துவிட்டது.