உடன் பார்த்தவர்

அன்று காலை ஏரியில் இருந்தது நானும் சித்தப்பாவும் மட்டும். பறவைக் கணக்கெடுப்புக்கு என்னோடு வரவேண்டிய பேராசிரியர் வரவில்லை. காய்ச்சல் என்று செய்தி அனுப்பியிருந்தார். கொடைக்கானல் மலையில் பேத்துப்பாறைக்கு அப்பால் இருக்கிற சின்ன ஏரி அது. சுற்றுலா வருகிறவர்களைச் சித்தப்பா தன் துடுப்புப் படகில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவார். மார்கழியிலும் தையிலும் கிடைக்கும் அந்த வரும்படியில்தான் அவர் மகள், என் தங்கச்சி, திண்டுக்கல்லில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் குடும்பத்தில் எனக்கு அடுத்துக் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள்தான்.

பனி தண்ணீரைவிட்டு விலகாமல் கிடந்தது. எதிர்க்கரைப் புல்லில் பதினேழு வாத்துகள். பக்கத்து விடுதியில் வளர்க்கிற வாத்துகள் அங்கே மேய வருவது வழக்கம்; வளர்ப்புப் பறவைகளை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நோட்டை மூடிவிட்டேன். சித்தப்பாதான் துடுப்பை நிறுத்தினார்.

“ஏலே, விடுதி வாத்து ஆளக் கண்டா பிஸ்கட்டுக்குக் கத்திக்கிட்டு ஓடியாரும். இதுக நம்மளப் பாத்து நகந்து போகுது பாரு. பின்மண்டையில கறுப்பா ரெண்டு கோடு வேற கெடக்கு. காலேசுல இதெல்லாம் சொல்லித் தரலியாக்கும்?”

தொலைநோக்கியில் பார்த்தேன். வெள்ளைத் தலை, அதில் இரண்டு கறுப்புப் பட்டைகள். இமயமலையைத் தாண்டி வருகிற பட்டைத்தலை வாத்து. சமவெளிக் குளங்களில் இறங்கும். எங்கள் மலையில் இறங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்படி அரிதாகத் தென்படுவதற்குப் படிவத்தில் இரண்டு கையெழுத்து வேண்டும். பார்த்தவர், உடன் பார்த்தவர்.

பேனாவை வாங்கிக்கொண்டு சித்தப்பா கேட்டார். “இதுல போட்டா நமக்கு ஒண்ணும் வந்துராதுல்ல?”

“வராது சித்தப்பா. சும்மா கணக்குக்குத்தான்.”

அப்படித்தான் நம்பினேன். அவர் ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு, முழங்காலில் தாளை வைத்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரைப் போட்டார்.

எட்டாம் நாள், அந்தப் படிவத்தைப் பார்த்து வனத்துறையினர் கரையில் பலகை நட்டார்கள். வலசை வாத்துகள் போகும்வரை படகு விடக்கூடாது. பொங்கல் விடுமுறைக் கூட்டம் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனது. சித்தப்பா படகைக் கரையேற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கேரட் பிடுங்கும் கூலிக்குப் போனார். நான் போய் நின்றபோது தலை நிமிராமலே சொன்னார்: “நீ என்ன பொய்யா எழுதுன? இருந்துச்சு, எழுதுன. போ, போய் உன் சோலியப் பாரு.” எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை.

வாத்துகள் மாசிக் கடைசியில் போயின. பணம் கட்டத் தங்கச்சியின் கல்லூரி கொடுத்த கெடு அதற்கு முன்பே முடிந்திருந்தது.

இந்தக் குளிர்காலமும் கணக்கெடுக்கப் போனேன். பேராசிரியர் வந்திருந்தார். வாத்துகள் வரவில்லை. “இல்லை” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். பலகையை இன்னும் யாரும் பிடுங்கவில்லை. தங்கச்சி கொடைக்கானலில் ஒரு சாக்லேட் கடையில் வேலைக்கு நிற்கிறாள். அந்தத் தையில் அவளுக்குக் கட்ட முடியாமல் போனது இருபத்திரண்டாயிரம் ரூபாய்.